‘நல்லா இருக்கேன்’ வகுப்பு

பழக்க ஆபீஸ் யாரையும் அடித்ததில்லை. திட்டியதில்லை. குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடந்ததைக் கேட்டுவிட்டு யாராவது அந்த ஆபீசைப் பற்றித் தவறாக நினைத்துவிடக் கூடாது. வந்து உட்கார்ந்தவர்களுக்கு அங்கே வெந்நீர் கொடுத்தார்கள். நாற்காலிக்கு மெத்தை இருந்தது. எதிர்ச் சுவரில், எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம் மாட்டியிருந்தது. படத்தில் இருப்பவர்கள் எந்த ஊரிலிருந்து வந்து பழகியவர்கள் என்று அங்கே வந்து உட்கார்ந்த மேஸ்திரி ஒருவர் ஒருமுறை கேட்டார். அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை, படத்துக்காகச் சிரித்தவர்கள் என்று பதில் வந்தது.

ஆபீசின் முழுப்பெயர், ‘புதிதாய் வந்த குடும்பங்கள் இயல்பு வாழ்க்கைக்குப் பழகுவதை உறுதிசெய்யும் அலுவலகம்’. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் வந்தவர்கள் எல்லோருக்கும் அது பழக்க ஆபீஸ். வேறு நாட்டிலிருந்து வேலைக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் இரண்டு வருஷம் அதன் கையில் இருக்க வேண்டும். அதுவரை அவர்களுடைய பாஸ்போர்ட் பழக்க ஆபீசின் அலமாரியில் இருக்கும். புது இடத்தில் தொலைத்துவிடுவார்களே என்ற அக்கறைதான்.

மேஸ்திரிக்கு ஊரில் கட்டட வேலை. அவர் எழுப்பிய சுவர் நூல் பிடித்த மாதிரி நிற்கும் என்று பேர் எடுத்தவர். இங்கே அவருக்குக் கிடைத்தது கலவை மெஷினைக் கழுவும் வேலை. அதன் வயிற்றுக்குள் தலையை விட்டு, காய்ந்து ஒட்டிய சிமெண்டைத் தட்டித் தட்டி எடுப்பார். வேலைதான் மாறியது, மேஸ்திரி என்ற பட்டம் கூடவே விமானம் ஏறி வந்துவிட்டது. அவர் மனைவி ஒரு பெரிய கம்பெனியின் மாடிகளைத் துடைத்தாள். மகள் பாப்பா பள்ளிக்கூடம் போனாள்.

முதல் வம்பு அவர்களுக்குக் கொடுத்த வீட்டின் குளியலறையில் வந்தது.

அங்கே சுவரோரமாக, ஆள் நீளத்துக்கு, வெள்ளைவெளேரென்று ஒரு தொட்டி இருந்தது. பார்த்ததும் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

“வீட்டுக்குள்ளயே இவ்வளவு பெரிய தண்ணித் தொட்டிங்க! எவ்வளவு நல்ல மனசு பாருங்க இவங்களுக்கு.”

குழாய் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாத தெருவில் வளர்ந்தவள் அவள். விளிம்பு வரை தண்ணீர் பிடித்து வைத்தாள். மூன்று பேரும் தொட்டிக்கு வெளியே நின்று, சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு ஆனந்தமாகக் குளித்தார்கள். தண்ணீர் தரையில் நின்றது. போகவில்லை.

மேஸ்திரி முட்டி போட்டு நான்கு மூலையையும் தடவிப் பார்த்தார். அவருக்கு நம்பவே முடியவில்லை.

“குளிக்கிற ரூம்ல தரையைச் சரிச்சு வாட்டம் குடுக்காம, தண்ணி போக ஒரு ஓட்டை வெக்காம எவன் கட்டினான்? கொத்தனார் தூங்கிட்டானா?”

“நமக்கெதுக்குங்க அது?”

“கண்ணால பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது? நம்ம வீடா இருந்தா விட்டுருவியா?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூலையில் நல்ல வட்டமாக ஓட்டை போட்டார். பல மாதங்களுக்குப் பிறகு கைக்குக் கிடைத்த சொந்த வேலை என்பதால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்தார். கடைசித் தட்டில் உளி கையை விட்டுக் கீழே போனது. ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. மேஸ்திரி குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு கண் இருந்தது.

அது கீழ்வீட்டுக்காரருடைய கண். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தனியாள். ஏற்கெனவே தண்ணீர் சொட்டிய இடத்தில் பக்கெட் வைத்து, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். அவர் சத்தம் போடவில்லை. போன் போட்டார்.

பழக்க ஆபீசில் இவர்களுக்கு ஒரு அதிகாரி. எப்போதும் சிரித்த முகம். மேஸ்திரியின் மனைவி அவளுக்குச் சிரிப்பம்மா என்று பெயர் வைத்தாள். அதிகாரி பேசுவதை இவர்களுக்கும், இவர்கள் பேசுவதை அதிகாரிக்கும் மாற்றிச் சொல்ல இவர்கள் பாஷைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் சொந்தமாக ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. மேஸ்திரி அவருக்கு வாய் என்று பெயர் வைத்தார்.

வாய் மூலமாகச் சிரிப்பம்மா சொன்னாள்: “குளிப்பது என்பது தரையை நனைக்காமல் இருக்கும் ஒழுக்கம். உங்கள் பழக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். அதை நீங்கள் விட்டுவிடும்போது இன்னும் அதிகமாக மதிப்போம்.”

“தப்புதான் சார். அரை நாள் குடுங்க, ஓட்டையை நானே அடைச்சுத் தர்றேன். இருந்த இடம் தெரியாது.”

“ஓட்டை போட்டவரே அடைப்பது விதிப்படி சரியல்ல. அடைப்பதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அவர்கள் வருவார்கள்.”

இந்தக் கதை முடியும்வரை அவர்கள் வரவில்லை. மனைவி ஓட்டையின் மேல் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு செங்கல்லை வைத்தாள். அதன் பிறகு மேல்வீட்டில் சொம்பு விழுந்தாலும், பாப்பா ஓடினாலும், கீழே இருந்து துடைப்பக் கட்டையால் இரண்டு இடி வரும்.

குளியல் வகுப்பு நடந்தது. பல ஊர்களிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் சட்டை பேண்டோடு உட்கார்ந்து, இல்லாத சோப்பை இருக்கிற மாதிரி தேய்த்துக் காட்டினார்கள். மேஸ்திரி முதுகு தேய்க்க மறந்துவிட்டார். மறுபடி உட்காரச் சொன்னார்கள்.

அடுத்து செருப்பு வகுப்பு. வீட்டு வாசலுக்கு வெளியே விட்ட செருப்பையும் ஷூவையும் வேண்டாத சாமான் என்று குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போய்விட்டது. மேஸ்திரி பாத்ரூம் செருப்போடு வேலைக்குப் போய், உள்ளே விடாததால் பாதி நாள் வாசலிலேயே நின்றார். அதற்கும் சிரிப்பம்மா கோபிக்கவில்லை. ஷூவோடு வீட்டுக்குள் நடந்து காட்டச் சொன்னாள். மனைவி தான் துடைத்த தரையில் தானே ஷூவோடு நடக்க முடியாமல் நுனிக்காலில் நடந்தாள். “இன்னும் பழகவில்லை” என்று வாய் சொன்னார்.

மூன்றாவது வகுப்புதான் பெரிய வகுப்பு. அது வந்தது மனைவியால்.

ஒருநாள் மனைவி ஆபீசுக்குள் நுழைந்ததும் சிரிப்பம்மா, “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவளை அப்படி யாரும் கேட்டதில்லை. அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. மெத்தை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

“அதை ஏங்க கேக்கறீங்க. முட்டி புடிச்சுக்குது. அந்த மருந்துத் தண்ணியில கையெல்லாம் தோல் உரியுது, பாருங்க. இவரு பேசறதே இல்ல. மெஷினுக்குள்ள தலைய விட்டு விட்டு மனுசனும் மெஷினாயிட்டாரு. பொண்ணு பள்ளிக்கூடத்துல தனியா உக்காந்து சாப்புடுதாம். எங்க அக்கா நெனப்பு வேற. பேசறப்பல்லாம் இருமுறா. கேட்டா ஒண்ணுமில்லங்கறா…”

வாய் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னார். சிரிப்பம்மாவின் சிரிப்பு குறையவில்லை. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தியதுபோல அப்படியே நின்றது.

“‘எப்படி இருக்கிறீர்கள்’ என்பது இங்கே ஒரு கதவு மாதிரி. ‘நன்றாக இருக்கிறேன்’ என்று நீங்கள் சொன்னால் நாங்கள் கடந்து போகலாம். நீங்கள் உண்மையிலேயே பதில் சொன்னால் நாங்கள் நிற்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை. இதை நீங்கள் எங்கள் அன்பாகப் புரிந்துகொள்ள வேண்டும்.”

மூன்று பேருமே அந்த வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது. எதிரெதிரே உட்கார வைத்து, ஒருவரை ஒருவர் கேட்கச் சொன்னார்கள். எப்படி இருக்கிறீர்கள்? நன்றாக இருக்கிறேன். கடைசியில் பரீட்சை. கையில் பனிக்கட்டியைக் கொடுத்துப் பொத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். கன்னம் வீங்கி, பல் வலியோடு வந்திருந்த ஒரு லாரி டிரைவர் முதலாவதாகத் தேறினார். பாப்பா இரண்டாவது. அவளுக்குச் சிரித்த முகம் போட்ட ஒரு பேட்ஜ் குத்திவிட்டார்கள். மேஸ்திரியின் கை சிமெண்டில் காய்த்துப் போனது. அதில் பனிக்கட்டி உறைக்கவே இல்லை. மனைவி மட்டும் மூன்று தடவை எழுதி, சே, மூன்று தடவை பிடித்துத் தேறினாள்.

அன்று சாயங்காலம் இதை அக்காவிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். அக்கா அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவாள்.

“நல்லா இருக்கேன்னு சொல்றதுக்கு ஒரு வகுப்பா குட்டி? அடக் கடவுளே! நானெல்லாம் பொறந்ததுலேர்ந்தே பாஸ்டி.”

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முட்டியது. இருமல் பாதியில் நின்றது.

அந்தப் பாதியில் நிற்கும் சத்தம் மனைவிக்கு நன்றாகத் தெரியும். அம்மாவும் அப்பாவும் போனபோது அவள் கைக்குழந்தை. அக்காவுக்கே அப்போது தாவணி வயசு. கல் உடைக்கும் கிரஷரில் தூசிக்குள் நின்று சல்லி அள்ளினாள். தங்கச்சியைச் சல்லிக் குவியலுக்குப் பின்னால் புடவைத் தூளியில் போட்டுக்கொண்டே வேலை பார்த்தாள். பள்ளிக்கூடம் அனுப்பினாள். கட்டிக் கொடுத்தாள். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. ஒரே பாயில் படுத்த காலத்தில், பக்கத்தில் தூங்குகிறவள் எழுந்துவிடக் கூடாது என்று இருமலை முழுங்குவாள். தொண்டைக்குள் ஏதோ ஒன்றை மூடி வைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். தங்கச்சி தூங்கியதே இல்லை. தூங்குகிற மாதிரி கிடப்பாள்.

பழகு காலம் பாதி முடிந்திருந்த ஒரு காலையில், அக்காவோடு கிரஷரில் வேலை செய்யும் பெண் போன் செய்தாள்.

“அக்கா சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. என்னால முடியல. ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம். நெஞ்சு பூரா கல்லுத் தூசின்னு சொல்றாங்க. வர வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. சீக்கிரம் வந்துடுங்க.”

இருவரும் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. நேராகப் பழக்க ஆபீசுக்குப் போய் நின்றார்கள்.

“எப்படி இருக்கிறீர்கள்?” என்றாள் சிரிப்பம்மா.

“நன்றாக இருக்கிறேன்” என்று மேஸ்திரி பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள்தான் விஷயத்தைச் சொன்னாள்.

சிரிப்பம்மா கவனமாகக் கேட்டாள். “மிகவும் வருந்துகிறோம். நெருங்கிய உறவின் கடைசி நோய்க்குப் போய்வர நாங்கள் தாராளமாக அனுமதிக்கிறோம். தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளை. அக்கா இதில் இல்லை.”

“எனக்கு அவதாங்க அம்மா.”

“அப்படியானால் அவர் ‘தாய்க்கு இணையானவர்’ என்ற பிரிவில் வரலாம். அதற்கும் வழி இருக்கிறது. நாங்கள் இரக்கமில்லாதவர்கள் அல்ல. அவரிடமே போனில் கேட்போம். அவர் சொன்னால் போதும். வேறு சாட்சியே தேவையில்லை. மனிதர்களின் வார்த்தையை நம்பும் ஆபீஸ் இது. ஆனால் நாங்கள் கேட்கும்போது நீங்கள் பேசக் கூடாது. முன்கூட்டிச் சொல்லி வைக்கவும் கூடாது. இப்போதே கேட்டுவிடுவோம்.”

மேசை நடுவில் போனை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேஸ்திரியின் மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“யாருங்க?” அக்காவின் குரல்.

“வணக்கம். நாங்கள் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம். உங்கள் தங்கையின் குடும்பம் வசிக்கும் நாட்டின் அலுவலகம்” என்றார் வாய்.

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. எழுந்து உட்காருகிறாள்.

“ஐயா… வணக்கங்கய்யா. சொல்லுங்கய்யா.”

“நீங்கள் அவருக்குத் தாய்க்கு இணையானவரா?”

“அம்மாவா? நானா? ஐயையோ, இல்லைங்க. அவளுக்கு அம்மா எங்க அம்மாதாங்க. நான் அக்கா. சும்மா கூட இருந்தேன், அவ்வளவுதான்.”

வாய் அதை மாற்றிச் சொன்னார். சிரிப்பம்மா தலையாட்டினாள்.

“உங்களுக்குக் கடைசி நிலை நோய் இருக்கிறதா?”

“நோயா? அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. லேசா சளி. யாரு சொன்னா? நான் நல்லா இருக்கேங்க.”

“உங்கள் தங்கை உங்களைப் பார்க்க வருவது அவசியமா?”

பதிலுக்கு முன்னால் அந்தச் சத்தம் வந்தது. தொண்டைக்குள் மூடி வைக்கும் சத்தம். மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருத்திக்குத்தான் அது கேட்டது.

“எதுக்குங்கய்யா வரணும்? வேலை வெட்டிய விட்டுட்டு… வேணாங்க. ஐயா, அவங்க மேல ஏதாச்சும் தப்பாயிடுச்சுங்களா? நல்ல புள்ளைங்கய்யா. என் தங்கச்சி ரொம்ப சுத்தக்காரி. மாப்ள ஒரு வம்புக்கும் போகமாட்டாரு. அனுப்பிடாதீங்கய்யா. நான் கும்புட்டுக் கேக்கறேன்.”

“அக்கா!” மேஸ்திரியின் மனைவி மேசை மேல் விழுந்தாள். “நல்லா இல்லைன்னு சொல்லுக்கா! ஒரே ஒரு தடவை சொல்லுக்கா! அப்பத்தான் விடுவாங்க!”

“குட்டி? நீ அங்கயா இருக்க?” அக்காவின் குரல் பதறியது. “ஆபீசிலயா? அழுவறியா? ஆபீசருங்க முன்னாடி அழுவாத குட்டி. மூஞ்சியத் துடை. துடைச்சிட்டியா?”

அதற்கு மேல் அவளால் முழுங்க முடியவில்லை. இருமல் கிளம்பியது. கிளம்பிய அதே நொடியில் சிரிப்பம்மா மெல்ல விரல் நீட்டிப் போனை நிறுத்தினாள். கேட்கும்போது குறுக்கே பேசினால் நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. அதனால் இருமல் கணக்கில் வரவில்லை.

“குரல் தெளிவாக இருக்கிறது. அவர் நன்றாக இருப்பதாக அவரே சொல்லிவிட்டார். உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும்” என்றாள்.

நடைபாதையில் மேஸ்திரி வாயின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

“உங்களுக்குத் தெரியாதா சார்? நம்ம ஆளுங்க சாகக் கிடந்தாலும் அப்படித்தானே சொல்லுவாங்க. அதை எடுத்துச் சொல்லக் கூடாதா?”

வாய் அக்கம்பக்கம் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் சொந்தமாகப் பேசினார்.

“தெரியும். தெரிஞ்சதைச் சொன்னா வேலை போயிடும். சொன்னதைத்தான் சொல்லணும்.” சட்டையைச் சரிசெய்துகொண்டார். “எங்கப்பா செத்த அன்னைக்கு நான் இந்த மேசையிலதான் உக்காந்திருந்தேன். எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“இன்னும் வேலையில இருக்கேனே. பார்த்தாத் தெரியலையா?”

அன்று முழுக்க மனைவி அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் எடுக்கவில்லை. மேஸ்திரி மறுநாள் காலையிலேயே போய்ச் சொல்லிவிட்டார். “எங்களுக்கு இந்த ஊரே வேணாம். வேலையும் வேணாம். பாஸ்போர்ட்டக் குடுங்க, நாங்க போயிடறோம். திரும்பி வரவே மாட்டோம்.”

“யாரையும் நாங்கள் பிடித்து வைக்கவில்லை” என்று வாய் மூலமாகச் சிரிப்பம்மா சொன்னாள். “நீங்கள் இப்போதே புறப்படலாம், பயிற்சி முடிந்ததும். யோசித்துப் பாருங்கள். இங்கே இவ்வளவு பழகிவிட்டீர்கள். அங்கே போனால் தரையை நனைத்துக் குளிக்க வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும். யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். பழகாமல் போய் நீங்கள் கஷ்டப்படுவதை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் ‘திரும்பும் வாழ்க்கைக்குப் பழகும் வகுப்பு’.”

“அதெல்லாம் எங்களுக்குத் தெரியுமேம்மா. பொறந்ததுலேர்ந்து அப்படித்தானே இருந்தோம்.”

“தெரிந்தவர்களும் தெரியாத இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எல்லோரையும் சமமாக நடத்துகிறோம்.”

அதே கூடத்தில், அதே தொட்டி. இந்தத் தடவை அதற்கு வெளியே நிற்க வைத்து, கையில் ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கொடுத்து, இல்லாத தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளச் சொன்னார்கள். பேண்ட் போட்ட ஒரு இளைஞன் சொல்லிக் கொடுத்தான். அவன் வாழ்நாளில் குவளையால் குளித்தவன் இல்லை. “கை இன்னும் உயர வேண்டும்” என்றான். மனைவி கையை உயர்த்தினாள். மொண்டாள். ஊற்றினாள். சீக்கிரம் தேறிவிட்டால் சீக்கிரம் போகலாம். அதனால் ஒவ்வொரு ஊற்றுக்கும் கண்ணை இறுக்கி மூடித் தண்ணீரை வழித்துவிட்டாள். அவளைப் போல யாரும் செய்யவில்லை என்று அந்தப் பையனே சொன்னான்.

குவளை தலைக்கு மேல் இருக்கும்போது போன் அடித்தது. கிரஷர் பெண்.

“போயிடுச்சு” என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கொஞ்சம் பொறுத்து, “கடைசியா நர்சம்மா வந்து எப்படி இருக்கீங்கன்னு…” என்று தொடங்கினாள்.

“வேணாம்” என்றாள் மேஸ்திரியின் மனைவி. “சொல்லாத. எனக்குத் தெரியும்.”

குவளையை மேசை மேல் பத்திரமாக வைத்தாள். ஆபீஸ் குவளை.

அதற்கு மறுநாள் சிரிப்பம்மா கூப்பிட்டு அனுப்பினாள். அவள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள்.

“உங்களுக்கு நல்ல செய்தி. மரணம் நிகழ்ந்துவிட்டதால், அவருக்குக் கடைசி நிலை நோய் இருந்தது சந்தேகமில்லாமல் நிரூபணமாகிவிட்டது. இறந்தவரின் மறுப்பு செல்லாது என்பதால், அவரைத் தாய்க்கு இணையானவராகவும் ஏற்று, போய்ப் பார்க்க அனுமதி வழங்கிவிட்டோம்.”

மேஸ்திரி எழுந்து நின்றார். “அப்ப இன்னைக்கே…”

“பொறுங்கள். இது நோயாளியைப் பார்ப்பதற்கான அனுமதி. நோயாளி இல்லாததால் வழங்கிய உடனே முடிந்துவிட்டது. இறுதிச் சடங்குக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதில் தாய் உண்டு, தாய்க்கு இணையானவர் இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பக்கம்தான் நியாயம் என்பதை ஆபீஸ் ஏற்றுக்கொள்கிறது. அந்த ஆறுதல் உங்களுக்கு இருக்கும்.”

வாய் இதை மாற்றிச் சொல்லும்போது மேஸ்திரியைப் பார்க்கவில்லை. சுவரில் சிரிக்கும் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அக்காவைக் கிரஷர்க்காரர்களே தூக்கிக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அதன் பிறகு திரும்பும் வகுப்புக்கு இவர்கள் போகவில்லை. திரும்பி யாரிடம் போவது?

மனைவி அழவில்லை. மாடிகளைத் துடைத்தாள். வந்து சமைத்தாள். மாதாந்திரச் சந்திப்பில் சிரிப்பம்மா, “எப்படி இருக்கிறீர்கள்?” என்றாள். “நன்றாக இருக்கிறேன்” என்றாள் இவள், அந்த ஊர் பாஷையிலேயே. வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. இவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகும் இப்படிச் சொல்கிறவர்கள் மற்ற குடும்பங்களுக்கு முன்மாதிரி என்று சொல்லி, பாப்பாவுக்குக் குத்திய அதே பேட்ஜை இவளுக்கும் குத்தினார்கள். வீட்டுக்கு வந்து, பேட்ஜைக் கழற்றாமலே அரிசி களைந்தாள்.

ஒரு மத்தியானம், விடுமுறை நாள் இல்லை, பள்ளிக்கூடத்திலிருந்து பாதி நாளில் வந்துவிட்டாள் பாப்பா. கலவை மெஷின் பழுது என்று மேஸ்திரியும் வீட்டில் இருந்தார். தட்டு வைத்தார்கள். பாப்பா இடது கையால் சாப்பிட்டாள்.

“ஏன்டி நொட்டாங்கையால சாப்புடற?”

“சும்மாம்மா.”

“சோத்துக் கையக் காட்டு.”

“நல்லா இருக்கேம்மா.”

மனைவி மேசைக்கு அடியில் இருந்த கையை இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டு பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. சட்டைக் காலரில் புதிதாக ஒரு சிவப்பு நட்சத்திரம் ஒட்டியிருந்தது.

“படியிலேர்ந்து விழுந்துட்டேன்” என்றாள் பாப்பா. “டீச்சர் எப்படி இருக்கன்னு கேட்டாங்க. நல்லா இருக்கேன்னேன். ரெண்டு தடவை கேட்டாங்க. ரெண்டு தடவையும் சொன்னேன். ஸ்டார் குடுத்தாங்க.”

“வலிக்குதா?”

“நல்லா இருக்கேன்.”

சொல்லி முடித்ததும் குழந்தையின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. உள்ளே எழுந்த ஒன்றை மூடி வைக்கிற சத்தம். பாதியில் நிற்கிற சத்தம்.

மேஸ்திரியின் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மகளின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

“வலிக்குதுன்னு சொல்லுடி.”

பாப்பா பயந்து போனாள். “சொன்னா பேட்ஜ எடுத்துருவாங்கம்மா.”

“எடுக்கட்டும். சொல்லு.”

“கீழ தாத்தா இடிப்பாரு.”

“இடிக்கட்டும். சொல்லுடி, என் கண்ணுல்ல. வலிக்குதுன்னு சொல்லு.”

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். மேஸ்திரி அவளைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு கையைச் சட்டைக்குள் விட்டபடி நின்றிருந்தார். மற்றொரு கை வெளியே தொங்கியது.

“மெதுவாச் சொல்லவாம்மா, சத்தமாச் சொல்லவா?”

“சத்தமா.”

“வலிக்குதும்மா” என்றாள் குழந்தை. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்த மாதிரி இருந்தது எவ்வளவு வலி என்று. வாயைப் பிளந்து அலறினாள். அவளைக் கட்டிக்கொண்டு அம்மாவும் அலறினாள். அக்கா, அக்கா என்று கூப்பிட்டாள். நல்லா இல்லக்கா, நான் நல்லாவே இல்லக்கா என்றாள். இத்தனை நாள் துடைத்த மாடிகளில் எல்லாம் கேட்டிருக்க வேண்டிய அழுகை அந்தச் சின்ன அறையில் வந்து முட்டியது.

கீழே இருந்து துடைப்பக் கட்டை இடித்தது. இரண்டு இடி. மறுபடி இரண்டு.

மேஸ்திரி குளியலறைக்குள் போனார். செங்கல்லை நகர்த்தினார். தட்டை எடுத்தார். நூல் பிடித்த மாதிரி சுவர் எழுப்பிய மனுஷன், தான் போட்ட ஓட்டையின் முன்னால் நெற்றி தரையில் படக் குனிந்தார். அந்தப் பக்கம் அந்தக் கண் இருந்தது.

“வலிக்குது சார்” என்றார் ஓட்டைக்குள். “எங்களுக்கு ரொம்ப வலிக்குது. அவ்வளவுதான்.”

அந்த மனிதருக்கு இவர்கள் பாஷையில் ஒரு எழுத்து தெரியாது. மாற்றிச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

துடைப்பக் கட்டை நின்றுவிட்டது. அதன் பிறகு அது இடிக்கவில்லை.